சாவியக்கா மூடி வைத்த பத்து நாள்

எங்கள் வீட்டுக்கும் சாவியக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் சுவருக்குத் தொண்டையும் உண்டு. அவர் வீட்டு மாடியறைக் குளியலறைக்குப் போகும் குழாய் அந்தச் சுவருக்குள்ளேதான் ஏறுகிறது. அங்கே யாராவது சுடுதண்ணீரைத் திறந்தால் இங்கே என் சமையலறையில் முனகல் கேட்கும். முதலில் மெல்ல முனகும், பிறகு உறுமும், சரியாக மூன்று நிமிடம் கழித்து, சுடுதண்ணீர் வந்து சேர்ந்ததும், அடங்கி ஒரே சீராக ஓடும். பத்தொன்பது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்குகிறேன். யார் குளிக்கிறார்கள், எவ்வளவு நேரம் குளிக்கிறார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி.

சாவியக்கா என்பது நான் வைத்த பெயர். கழுத்தில் ஒரு நாடா, அதில் நாலு சாவி. ஒன்று வாசலுக்கு, ஒன்று மாடியறைக்கு, ஒன்று துணி அலமாரிக்கு. நாலாவது எதற்கென்று அவருக்கே தெரியாது. "தூக்கிப் போடுங்களேன்" என்றால், "என்னைக்காவது அதுக்கு ஒரு பூட்டு வந்து நிக்கும்டி" என்பார். அவர் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. பெயர் தெருவுக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது.

பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் இருபத்து நாலு வருடம் வேலை பார்த்தவர். காலையில் போனால் மாலை வரை விரிப்பு, போர்வை, தலையணை உறை. கணவர் காய்ச்சலில் போனபோது மகளுக்குப் பதின்மூன்று வயது. அந்தப் பெண்ணை ஒற்றை ஆளாக வளர்த்துப் படிக்க வைத்தார். அவள் மேல்படிப்புக்காக வேறு ஊருக்குப் போன வருடம்தான் அக்காவுக்கு முட்டி தேய்ந்து வேலையை விட வேண்டி வந்தது. மிஞ்சியது இந்த வீடும், விரிப்பின் மூலையைக் கத்தி போல மடிக்கத் தெரிந்த இரண்டு கையும்தான். மாடியறை காலியாக இருந்தது. ஊருக்கு வந்து இரண்டு நாள், மூன்று நாள் தங்கிப் போகிறவர்களுக்கு அதைக் கொடுக்கலாமா என்று என்னைத்தான் முதலில் கேட்டார்.

கேட்டதில் காரணம் உண்டு. நகராட்சி அலுவலகத்துக்கு எதிரில் நகல் கடை வைத்திருப்பவள் நான். நகல் எடுப்பது பேருக்கு. உண்மையான பிழைப்பு மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் எந்த மேசையில் மாட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் விதி ஒன்றும் கடினம் இல்லை. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். வருடத்துக்குத் தொண்ணூறு இரவுக்கு மேல் விடக் கூடாது. வந்து தங்குகிறவர்களின் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டேன். போட்டுவிட்டு, "பெட்டியைத் தெருவில கடகடன்னு உருட்டிட்டு வந்தாங்கன்னா கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்குவேன்" என்று சொல்லியும் வைத்தேன்.

அதை அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வருகிறவர்கள் தெருமுனையில் இறங்கும்போதே போய் நிற்பார். உருட்டுப் பெட்டியின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மறுபக்கத்தை விருந்தாளி பிடிக்க, இருவரும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு போவதுபோலப் போவார்கள். தேய்ந்த முட்டியோடு இது தேவையா என்று நான் திட்டியிருக்கிறேன். "மூணாவது வீட்டுல பெரியவர் மத்தியானம் தூங்குவார்டி" என்பார். அறையில் கெட்டித் தலையணை ஒன்று, மெத்தென்று ஒன்று. மின்சாரம் போனால் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு டார்ச். கையால் வரைந்த ஒரு வரைபடம், அதில் எந்தக் கடை எப்போது திறக்கும், எந்த வீட்டு நாய் குரைக்கும் ஆனால் கடிக்காது என்பது வரை இருக்கும். குளியலறைக் கதவில் ஒரு அட்டை: "சுடுதண்ணீர் வர மூன்று நிமிடம் ஆகும். பொறுமையாக இருங்கள். கண்டிப்பாக வரும்."

அந்த மூன்று நிமிடத்தைப் பற்றித்தான் தங்கியவர்கள் எல்லோரும் குறை எழுதினார்கள். குழாய்க்காரர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, ஒரு காலைப் பொழுது வேலை, மாற்றித் தருகிறேன் என்றார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். அவர் மகள் அந்த அறையில் வளர்ந்தவள். சின்ன வயதில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சுடுகிற வரைக்கும் சத்தமாகப் பாடுவாள். சுருதி கிடையாது, தாளமும் கிடையாது. நான் இந்தப் பக்கம் கரண்டியால் சுவரைத் தட்டினால் இன்னும் சத்தமாகப் பாடுவாள். "குழாயை மாத்திட்டா அவ வந்து என்ன செய்வா?" என்றார் அக்கா. அப்போது அவள் வருவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது.

அவள் ஏன் நிறுத்தினாள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்குத் தெரியாது. ஏழு வருடம் மறைத்துத்தான் பார்த்தேன்.

படிக்கப் போன இரண்டாம் வருடம் அவள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் நடுப்பகலில் வந்து இறங்கினாள். அம்மாவுக்குத் திடீரென்று முகத்தைக் காட்ட வேண்டும் என்று ஆசை. அக்கா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். தன்னிடம் இருந்த சாவியால் வாசலைத் திறந்து நேரே மாடிக்கு ஓடியிருக்கிறாள். அவள் கட்டிலில் முன்பின் தெரியாத ஓர் ஆள், வெறும் உடம்பில் போர்வையைச் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் அலற, இவள் அலற, இரண்டு அலறலும் சுவர் வழியாக எனக்குக் கேட்டது. ஓடி வந்தேன். வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. என் வீட்டுக்குக் கூட்டி வந்து டீ போட்டுக் கொடுத்தேன்.

"சித்தி, என் ரூம்ல யாரோ படுத்திருக்காங்க" என்றாள். அம்மா வாடகைக்கு விடுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். பார்ப்பது வேறு இல்லையா. சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன். "உங்க அம்மாவுக்கு இப்ப வந்து போறவங்கதான் பிள்ளைங்க. இனிமே நீயும் முன்பதிவு பண்ணிட்டுத்தான் வரணும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். பார்த்தாளோ இல்லையோ, அடுத்த பேருந்தில் போய்விட்டாள் என்று அக்கா மாலையில் வந்து சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. நுணலும் தன் வாயால் கெடும். என் விஷயத்தில் என் வாயால் பக்கத்து வீடு கெட்டது.

சண்டை என்று ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை பேசுவாள். சாப்பிட்டியா, முட்டி எப்படி, மாத்திரை போட்டியா, வெச்சிடவா. படித்து முடித்து அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். வேலையிடத்தில் கோடையின் கடைசியில் பத்து நாள் விடுப்பு உண்டு. அந்தப் பத்து நாளும் அக்கா மாடியறையை யாருக்கும் கொடுப்பதில்லை. ஊருக்குக் கூட்டம் வருவதே அப்போதுதான். முன்பதிவு செய்யும் இணையப் பக்கத்தில் அந்தப் பத்துக் கட்டத்தையும் என்னை மூடச் சொல்வார். விரிப்பு மாற்றி, கெட்டித் தலையணையை எடுத்துவிட்டு மெத்தென்ற தலையணை இரண்டு போட்டு, மகளுக்கு ஒரு செய்தி அனுப்புவார்: ரூம் காலியா இருக்கு. அவளிடமிருந்து பதில் வரும்: பாக்கலாம்மா. ஏழு வருடமும் அதே செய்தி, அதே பதில்.

ஏழு வருடமும் தெருவில் கேட்டவர்களிடம் அக்கா சொன்னது வேறு. "வந்தாளே. வந்துட்டு அவசரமா ஞாயித்துக்கிழமையே கிளம்பிட்டா. வேலை அப்படி." ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான், ஆனால் இந்தத் தெரு நம்பியது. நம்பாதவள் நான் ஒருத்தி. எனக்குச் சுவர் இருந்ததே. அந்தப் பத்து நாளும் காலை ஏழு மணிக்குக் குழாய் முனகும், உறுமும், சுடுதண்ணீர் வந்து அடங்குகிற அந்த நொடியில் நின்றுவிடும். மூன்று நிமிடம். யார் குளிப்பார்கள் மூன்று நிமிடத்தில், அதுவும் தண்ணீர் சுட்டதும் மூடிவிட்டு? அக்காதான் மாடியேறிப் போய்த் திறந்து, நின்று, மூடிவிட்டு வருகிறார். என் காதுக்காகத்தான் செய்கிறார் என்று நினைத்தேன். நானும் கேட்டதாகக் காட்டிக்கொள்வேன். "பாப்பா வந்திருக்கா போல" என்பேன். அக்கா தலையை ஆட்டுவார். இருவரும் நன்றாகத்தான் நடித்தோம்.

போன மாதம் நகராட்சியிலிருந்து அக்காவுக்கு அறிவிப்பு வந்தது. சென்ற வருடம் அறை தொண்ணூற்றெட்டு இரவு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது, உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது.

நான் பதிவேட்டை எடுத்து எண்ணினேன். எண்பத்தெட்டு இரவுதான். மிச்சம் பத்து எங்கிருந்து வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு, எதிரில் இருக்கிற அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். உரிமப் பிரிவில் புதிதாக வந்திருக்கும் அதிகாரி சின்னப் பெண், கொண்டையில் பென்சில் செருகியிருப்பாள். கணினியைத் திருப்பிக் காட்டினாள். சிலர் இணையத்தில் நாட்களை மூடி வைத்துவிட்டுக் கள்ளத்தனமாக ஆள் ஏற்றுகிறார்கள். அதைப் பிடிக்கத்தான் வாடகை அறைகளுக்குத் தனித் தண்ணீர் மீட்டர் வைத்தார்கள். அது நாள்தோறும் அளவை அலுவலகத்துக்கே அனுப்பிவிடும். "மூடின நாளை நாங்க சும்மா எண்ணுறதில்லைங்க. தண்ணி ஓடியிருந்தாத்தான் எண்ணுவோம். இதுல பத்து நாளும் ஓடியிருக்கு" என்றாள்.

அந்த மூன்று நிமிடம் என் காதுக்கு மட்டும் போகவில்லை, அலுவலகத்துக்கும் போயிருந்தது.

விதியில் ஒரு வழியும் இருந்தது. குடும்பத்தார் வந்து தங்கினால் அந்த இரவு கணக்கில் சேராது. தங்கியவர் கையெழுத்து இருந்தால் போதும். நான் துள்ளிக் குதிக்காத குறையாக அக்காவிடம் ஓடினேன். "ஒரு தாள்தான் அக்கா. பாப்பாவுக்கு அனுப்பி, பத்து நாள் வந்து தங்கினேன்னு கையெழுத்து வாங்கிடுங்க. அதோட முடிஞ்சுது. தெருவுக்கே அப்படித்தானே சொல்லியிருக்கீங்க."

அக்கா விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "ஏழு வருஷமா வராதவகிட்ட, வந்தேன்னு எழுதிக் குடுன்னு கேக்கச் சொல்றியா?" என்றார்.

முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"உரிமம் போனா என்ன செய்வீங்க?" என்றேன். அவருக்கு அது தெரியாமல் இல்லை. மாடியறை ஓடாவிட்டால் இந்த வீட்டை வைத்துக்கொண்டிருக்க முடியாது. விற்றுவிட்டு அண்ணன் வீட்டோடு போய் இருக்க வேண்டியதுதான். அண்ணன் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.

"அண்ணன் நல்லவர்தான்" என்றார் அக்கா. "ஆனா அவளுக்குத் தெரிஞ்சது இந்தக் கதவு ஒண்ணுதான். அவகிட்ட இருக்கிற சாவி இதுக்குத்தான் சேரும். நாளைக்கு வந்து நின்னா, வேற யாரோ திறந்தா? ஒரு தடவை அப்படி ஆனதே போதும்டி."

மறுநாள் கடைக்கு வந்தார், விளக்கக் கடிதம் தட்டச்சு செய்ய. உண்மையையே எழுது என்றார். அந்தப் பத்து நாளும் அறையில் யாரும் தங்கவில்லை, குழாயைத் திறந்தது நான், மூன்று நிமிடத்தில் மூடியதும் நான் என்று சொன்னார். நான் தட்டிக்கொண்டே வந்து "யாரும்" என்ற சொல்லில் நின்றுவிட்டேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ மனு அடித்திருக்கிறேன், விரல் இப்படி நின்றதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சிக் கையெழுத்தும் அதில் வேண்டும். அதாவது நான் போட வேண்டும். போடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அக்கா, அன்னைக்கு அவ என் வீட்டுக்கு வந்தப்ப நான் ஒண்ணு சொல்லிட்டேன்."

"முன்பதிவு பண்ணிட்டு வரணும்னு" என்றார் அக்கா.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. வாயடைத்துப் போவது எனக்குப் பழக்கம் இல்லாத காரியம்.

"அன்னைக்குச் சாயந்தரமே ஃபோன்ல சொல்லி அழுதா" என்றார்.

"அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல? ஏழு வருஷம் டீ குடிச்சிருக்கீங்க என்கூட."

"சொன்னது நீ. அவ அதை நம்புற மாதிரி வெச்சிருந்தது நான். உன்னைக் கேட்டு என்னடி ஆகப் போகுது?" என்றவர் கணினித் திரையைக் காட்டினார். "அந்த வரியை முடி."

முடித்தேன். அழுதுகொண்டேதான் முடித்தேன். இரண்டு எழுத்துப்பிழை விழுந்து மறுபடியும் அடிக்க வேண்டியிருந்தது.

விசாரணைக்கு நானும் போனேன். சின்ன அறை, ஒரு மேசை, மூன்று நாற்காலி, மூலையில் அட்டைப்பெட்டிகளில் பழைய கோப்புகள். பென்சில் கொண்டைக்காரி கடிதத்தைப் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்து, "அப்ப ஆளே இல்லாம எதுக்கும்மா தினமும் குழாயைத் திறந்தீங்க?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. மகளுக்கும் இருபத்தேழு.

"என் பொண்ணுக்காகத் திறந்தேம்மா" என்றார். "வருவான்னு அறையை மூடி வெச்சேன். அவ வரல. வந்துட்டான்னு பக்கத்துல கேக்கட்டுமேன்னு முதல் வருஷம் திறந்தேன். அப்புறம் எனக்கே கேக்க வேண்டியிருந்துச்சு. கீழ இருந்து கேட்டா சரியாக் கேக்காது. மேல போயி, கதவுக்கு வெளிய நின்னு கேப்பேன். மூணு நிமிஷம் உள்ள யாரோ இருக்கிற மாதிரியே இருக்கும். தண்ணி சுட்டதும் போயி மூடிடுவேன். வீணாக்கல. யாரும் வரலம்மா. ஏழு வருஷமா ஒருத்தரும் வரல" என்றார்.

என் காதுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்த மடச்சி நான்.

இந்த மாதிரி நேரத்தில் சும்மா இருக்க மாட்டேன் நான். கடையில் அச்செடுத்து வந்திருந்த மீட்டர் அளவை மேசையில் வைத்தேன். "பாருங்க. இருபத்தேழு லிட்டர், இருபத்தேழு, இருபத்தாறு, இருபத்தேழு. பத்து நாளும் இப்படித்தான். மனுஷன் தங்கினா தினம் ஒரே அளவு ஓடுமா? மத்த நாளைப் பாருங்க, நூறு, நூத்து நாப்பது. ஒருத்தன் வந்தான், குளிச்சானா குளத்தை இறைச்சானான்னு தெரியல, இருநூறு." அந்தப் பெண் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள். அக்காவின் உண்மையை யாருக்கும் நம்பிக்கை வருகிற மாதிரி நிரூபித்தேன். நிரூபித்த சந்தோஷம் எனக்குத் துளியும் வரவில்லை.

அவள் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, பத்து நாளுக்கும் எதிரே "காலி" என்று எழுதினாள். பத்து முறை எழுதினாள். உரிமம் பிழைத்தது.

எழுந்திருக்கும்போதுதான், "இனிமே நாளை மூடணும்னா காரணம் பதியணும்மா. புது விதி. இந்த வருஷம் மூடுறதா இருந்தா இப்பவே பதிஞ்சிடலாம்" என்றாள். காரணம் மூன்றுதான்: பழுதுபார்ப்பு, சொந்தத் தேவை, குடும்பத்தார் வருகை. நான் அக்காவின் கையை அழுத்தி, "சொந்தத் தேவைன்னு போடுங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றேன் மெதுவாக.

அக்கா கழுத்துச் சாவிகளைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "குடும்பம்னு போடும்மா" என்றார்.

"அப்படின்னா வர்றவங்க ஃபோன் நம்பர் குடுங்க. அவங்களுக்கு ஒரு படிவம் போகும். தங்குவேன், தங்கமாட்டேன், ரெண்டுல ஒண்ணை அமுக்கணும். பதினஞ்சு நாளைக்குள்ள பதில் வரலைன்னா பதிவு ரத்தாயிடும்."

அன்றைக்கு விளையாட்டாகச் சொன்னேன், முன்பதிவு செய்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று. அது இப்போது நகராட்சி முத்திரையோடு விதியாகவே வந்து நின்றது.

அக்காவின் பயம் வேறு. ஏழு வருடமாக அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது 'பாக்கலாம்மா' என்ற ஒரு சொல்லில். அதில் வருவேன் என்பதும் இல்லை, வரமாட்டேன் என்பதும் இல்லை. இனி இரண்டில் ஒன்றுதான். "தங்கமாட்டேன்னு அமுக்கிட்டான்னா?" என்று என்னைத்தான் கேட்டார். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். அதை அப்போது சொல்லாமல் இருக்கிற அளவுக்காவது எனக்குப் புத்தி வந்திருந்தது. அக்கா எண்ணை மனப்பாடமாகச் சொன்னார், ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி.

அதற்குப் பிறகு தினமும் பதினோரு மணிக்கு அக்கா கடைக்கு வர ஆரம்பித்தார். நேரே கேட்க மாட்டார். முதல் நாள் குடும்ப அட்டையை நகல் எடுக்கக் கொடுத்தார். அடுத்த நாளும் அதையே கொடுத்தார். ஆறாம் நாள், "இந்த அட்டையில ஊருக்கே விநியோகம் பண்ற அளவுக்கு நகல் எடுத்தாச்சு அக்கா. சும்மா வந்து உட்காருங்க" என்றேன். நான் நகராட்சிப் பக்கத்தைத் திறப்பேன். 'பதில் வரவில்லை' என்று சிவப்பில் இருக்கும். "இன்னும் நாள் இருக்கு" என்பேன். "இருக்கு" என்பார். எழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு போவார்.

வாரப் பேச்சிலும் மகள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். இவரும் கேட்கவில்லை. சாப்பிட்டியா, முட்டி எப்படி, வெச்சிடவா.

பன்னிரண்டு ஆயிற்று, பதின்மூன்று ஆயிற்று. நானே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசிவிடலாமா என்று இரண்டு முறை ஃபோனை எடுத்தேன். இந்த வாய் செய்தது போதும் என்று கீழே வைத்தேன்.

பதினான்காம் நாள் பதினோரு மணிக்கு அக்கா வந்து உட்கார்ந்தார். பக்கத்தைத் திறந்தேன். சிவப்பு எழுத்து மாறியிருந்தது. 'படிவம் முழுமையாக இல்லை' என்று இருந்தது.

திறந்து பார்த்தேன். தங்குவேன் என்ற கட்டம் காலி. தங்கமாட்டேன் என்ற கட்டமும் காலி. வந்து சேரும் நேரம், எத்தனை இரவு, எதையும் நிரப்பவில்லை. என் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது அரைகுறைப் படிவம்தான். பாதியில் விட்டவர்களைப் பெயர் சொல்லித் திட்டுவேன். கடைசியில் 'குறிப்பு ஏதும் இருந்தால்' என்று ஒரு கட்டம் இருக்கும். எத்தனையோ வருடமாகப் படிவம் நிரப்புகிறேன், அந்தக் கட்டத்தில் யாரும் எதுவும் எழுதி நான் பார்த்ததில்லை. அதில் ஒரு வரி இருந்தது.

"என்ன போட்டிருக்கா?" என்றார் அக்கா. கண்ணாடி கொண்டு வரவில்லை.

நான் படித்துச் சொன்னேன். "சுடுதண்ணி வர இன்னும் மூணு நிமிஷம் ஆகுதாம்மா?"

எதிரில் அலுவலக வாசலில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். ஒருவர் வந்து நகல் வேண்டும் என்றார். அப்புறம் வாங்க என்று அனுப்பினேன். அந்த வரிக்குக் கீழே 'உரிமையாளர் பதில்' என்று இன்னொரு கட்டம் இருந்தது. அதில் சுட்டியை வைத்துவிட்டு, விரலை விசைகள் மேல் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என்ன அடிக்க வேண்டும் என்று எனக்குப் பத்து யோசனை இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

"ஆகுதுன்னு போடு" என்றார் அக்கா கடைசியில். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"ஆகுது. வர்ற நேரத்தை மட்டும் சொல்லு. நான் முன்னாடியே திறந்து வைக்கிறேன்."